சிவப்புத் துணி கட்டிய நாலு குச்சிகள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் மானம்தான் போகும்.

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து தாமஸ் என்று ஒருவர் வந்திருந்தார். ஒரு சாயங்காலம், "வயலுக்கு சஃபாரி போறேன், வர்றீங்களா?" என்றார்.

"எங்க வயல்ல எலியத் தவிர என்ன சார் இருக்கு? சிங்கமா?" என்று கலாய்த்து அனுப்பினேன். ஆனால் சந்தேகம் விடவில்லை. சும்மா எவன் வருவான்?

மறுநாள் காலை பார்த்தால், சித்தப்பாவின் அறுப்புக்கு நின்ற வயலின் நடுவில் சிவப்புத் துணி கட்டிய நாலு குச்சிகள். தாமஸ் எரிவாயுக் குழாய் பதிக்க அளக்கிற ஆள்தான் என்று முடிவுகட்டி, நாலையும் பிடுங்கி வாய்க்காலில் வீசினேன்.

சற்று நேரத்தில் சித்தப்பா அறுப்பு மெஷினை வயலில் இறக்கினார். தாமஸ் வரப்பில் ஓடிவந்தார். "நிறுத்துங்க! காட்டுப்பூனைக் குட்டி, மூணு! அடையாளத்துக்குக் குச்சி வச்சேன், காணோம்!"

எல்லாக் கதிரும் ஒன்றுபோல நின்றதில் அவருக்கே இடம் தெரியவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான். மெஷினுக்குக் குறுக்கே ஓடினேன்.

"நான்தான் புடுங்குனேன் சித்தப்பா! இந்தா, இங்கதான்!"

கண் திறக்காத மூன்று குட்டிகள். கட்டில் அகலத்துக்குக் கதிரை விட்டுவிட்டு மெஷின் சுற்றிப் போனது.

"ஏன் புடுங்கினீங்க?" என்றார் தாமஸ்.

"விளையாட்டுக்கு சார்" என்று பல்லைக் காட்டினேன். அவர் அப்படியே நம்பிவிட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதை எழுதி என் நண்பன் செல்வத்துக்கு அனுப்பினேன்.

"எனக்கு ஏன்டா அனுப்புற, அவருக்கு அனுப்பு" என்றான்.