மதாமின் பங்கு

எங்கள் கட்டடத்துக் குப்பைத் தொட்டிகள் முற்றத்தில், எங்கள் சாப்பாட்டுக் கடையின் பின்கதவுக்கு நேரெதிரே நிற்கின்றன. யார் வீட்டில் என்ன சமைத்தார்கள், எதைக் கொட்டினார்கள் என்பதெல்லாம் நான் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வருடம் வசந்தகாலம் முழுக்க யாரோ பாதிச் சட்டி சூப்பையும் கைபடாத உருளைக்கிழங்கையும் நாள்தோறும் கொட்டினார்கள். ஆளைப் பிடித்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஒருநாள் பிடித்தேன். மூன்றாம் மாடி மதாம், கையில் சட்டியோடு நின்றார்.

கேட்க வந்ததை விட்டுவிட்டேன். அவருடைய கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிவிட்டது, ஒருவருக்குச் சமைக்கக் கை வரமாட்டேன் என்கிறது என்றார். சமைத்து மேசையில் வைத்ததும் பசி போய்விடுகிறதாம். சட்டியை நான் கழுவித் தரட்டுமா என்று கேட்டேன். 

பாரிசின் பிலிப்-து-ஜிரார் தெருவில் நாங்கள் கடை திறந்த காலத்திலிருந்தே மதாமைத் தெரியும். தமிழில் இரண்டே சொற்கள் அவருக்கு வரும். ஒன்று, ஆமாம் என்பதற்கு 'ஓம்'. மற்றது, போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'காணும்'. அந்த வசந்தத்துக்குப் பிறகு தினமும் அவருக்குச் சோறும் கறியும் கொண்டுபோனேன். முதல் அகப்பை தட்டில் விழுவதற்குள் 'காணும்' என்பார். கோடை முடிந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் கிடத்த வேண்டும், தனியாக இந்த வீட்டில் இருக்க விடமுடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டதாக அவரே ஒருநாள் சொன்னார். வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது.

கணவனும் மனைவியுமாக வேட்டைக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். பாரிசுக்கு வெளியே ஒரு காட்டில் அவர்களுக்கு வேட்டைச் சங்கம் இருந்தது. இலையுதிர்காலம் பிறந்ததும் சங்கத்தார் வழக்கம்போல மதாமுக்கு ஒரு பெண்மானைச் சுட அனுமதி தந்தார்கள். இங்கே செர்ஃப் என்கிறார்களே, வன்னிக் காட்டு மரையைப் போன்ற பெரிய மான், அந்த இனம். போகப்போவதில்லை என்றார் மதாம். சுடுவதற்கு ஒரு ஆள் போதும், இறைச்சியை மேட்டிலிருந்து இறக்க இரண்டு முதுகு வேண்டும் என்றார். காட்டில் ஒரு துண்டுகூட விட்டுவரக் கூடாது என்பது அவருடைய கணவரின் சட்டம்.

என் முதுகு இருக்கிறது என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உமக்கென்ன விசரே? மதாம் துவக்குத் தூக்குவா. நீர் என்னத்தைத் தூக்கப்போறீர்?"

"இறைச்சியை" என்றேன்.

கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் கடைக்குச் சாமான் ஏற்றும் எங்கள் வானில் புறப்பட்டோம். என் கணவருக்கு இரத்தம் ஆகாது. தலை சுற்றும். ஆகவே வானோடு அவர் கீழே தெருவில் நிற்பது என்று பேச்சு. நானும் மதாமும் மேட்டில் ஏறினோம். பனிப்புகார் மரங்களின் இடுப்புவரை நின்றது. எனக்கு முன்னால் மதாமின் தொப்பி மட்டும் மிதந்துபோயிற்று. காலடியில் இலைகள் ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் சத்தமேயில்லை. நான் நடக்கிறேனா, வான் இருக்கையில் சாய்ந்து கனவு காண்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. அந்தக் கனவுக்குள்தான் மான் வந்தது. புகாருக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, எங்கள் பக்கம் காதைத் திருப்பியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. மதாம் சுட்டார். சத்தம் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்து அடங்கியபோது மான் கிடந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். மதாமும்.

அழுதது கொஞ்ச நேரம்தான். இறைச்சி காத்திருக்காது, சூடு ஆறாவிட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லி மதாம் கத்தியை எடுத்தார்.

நான் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மிருகமானாலும் முதலில் வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். மதாம் வயிற்றைத் தொடவேயில்லை. மானை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்போடு ஒரு கோடு கீறினார். அங்கிருந்து தோலை வயிற்றுப் பக்கமாக உரித்து, பாய் விரித்ததுபோல நிலத்தில் விரித்தார். முன்னங்காலைத் தூக்கி அடியில் கத்தியை ஓட்டியதும் அது அப்படியே கழன்று வந்தது. அங்கே எலும்பு மூட்டே இல்லையாம். பிறகு முதுகெலும்பை ஒட்டி நீளமாகக் கிடந்த சதை, பின்தொடை, கழுத்து, விலா இடுக்குகளில் இருந்த சின்னச் சதைகள். ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டுக் கிளைகளில் தொங்கவிடுவது என் வேலை. பைகளிலிருந்து ஆவி பறந்து புகாரோடு சேர்ந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் இருவருமாகப் புரட்டி, விரித்த தோலின்மேலேயே போட்டு மறுபக்கத்தையும் எடுத்தோம். ஒரு மண்துகள் ஒட்டவில்லை. குடலைத் திறக்காததால் சாணமோ நாற்றமோ இறைச்சியில் படாது, முழு உடலையும் இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம் என்றார். கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு, இரைப்பையை ஒரு பக்கம் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, முதுகெலும்பின் உட்புறத்தில் இருக்கும், பிலே என்று பிரெஞ்சுக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடும் துண்டையும் விரலாலேயே உருவி எடுத்தார். பிறகு கத்தியைத் துடைத்தார்.

"ஈரல்?" என்று கேட்டேன்.

இப்படி எடுத்தால் ஈரல் உள்ளேயே கிடக்கும், நரிக்கு அது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரமும் வீணாக்கக் கூடாது என்று விலா இடுக்கைக்கூடச் சுரண்டிவிட்டு, ஈரலை நரிக்கு விடுவதா?

எங்கள் பங்கிறைச்சி வழக்கத்தை மதாம் பல தடவை பார்த்திருக்கிறார். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, வெட்டியபின் எங்கள் கடைக் குசினியில் வைத்துச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு குவியலிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், கட்டாயம் ஈரலில் ஒரு துண்டு இருக்க வேண்டும். ஈரலில்லாத பங்கைப் பங்கென்று யாரும் கையில் வாங்கமாட்டார்கள். இதைச் சொன்னேன். மதாம் யோசித்துவிட்டு, இறைச்சியெல்லாம் மரத்தில் பத்திரமாக இருக்கிறது, இனி நான் விரும்பியதைச் செய்யலாம் என்று கத்தியை என்னிடம் தந்தார்.

விலாவுக்குக் கீழே கீறிக் கையை முழங்கைவரை விட்டேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது. ஈரல் கைக்கு வந்தது. கருஞ்சிவப்பாக, புள்ளியில்லாமல், என் இரண்டு கையும் நிறைய இருந்தது. அதை மதாமின் பையில் இறக்கிவிட்டு, வெற்றிக் களிப்பில் இன்னும் என்ன இருக்கிறது பார்ப்போம் என்று கத்தியோடு திரும்பவும் போனேன். ஆசை யாரை விட்டது. கத்தி முனை இரைப்பையில் இறங்கிவிட்டது. வந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. என் சட்டைக் கை முழுவதும் பச்சைக் கரைசல். மதாம் இரண்டடி பின்னால் போய், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவர் போனபின் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு சட்டையையும் கொடுத்திருப்பேன்.

மேட்டுக்கும் தெருவுக்குமாகப் பல நடை நடந்தோம். கடைசிப் பை இறங்கும்போது வெயில் வந்து புகார் கலைந்துவிட்டது. என் கணவர் பாரிஸ் வரும்வரை வானின் கண்ணாடிகளைத் திறந்துவைத்து, நடுங்கிக்கொண்டே ஓட்டினார். மதாம் பின்னிருக்கையில், இறைச்சிப் பையில் கை வைத்தபடி தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை, கடை திறக்குமுன், குசினி மேசையில் பங்கு போட்டோம். இறைச்சி மதாமுடையது. எங்கள் வழக்கப்படிதான் பிரிக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஒரு பங்கு. எங்களுக்கு ஒன்று, புறநகர் செவ்ரானிலிருந்து வந்து எங்களோடு சமைக்கிற செவ்ரான் அக்காவுக்கு ஒன்று, பக்கத்து போன் கடை அண்ணைக்கு ஒன்று, மதாமுக்கு ஒன்று. நாலு குவியலிலும் ஈரலை நான் என் கையாலேயே வைத்தேன். பார்க்க நிறைவாக இருந்தது.

பங்கில் மனக்குறை வராமலிருக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் குவியல்களுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மற்றவர் ஒரு குவியலைத் தொட்டு, இது ஆருக்கு என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான், அதற்குப் பிறகு மாற்றமில்லை. அன்றைக்கு மதாமைத் திரும்பி நிற்கச் சொன்னோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

முதல் குவியலைத் தொட்டுக் கேட்டேன். போன் கடைக்காரருக்கு என்றார். இரண்டாவது, செவ்ரானுக்கு. மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு. மிஞ்சியது ஒன்று. அதைக் கேட்கவே தேவையில்லை, ஆனாலும் முறைக்காகத் தொட்டு, "இது ஆருக்கு?" என்றேன்.

"அவருக்கு" என்றார் மதாம், பிரெஞ்சில், மெதுவாக.

 அக்கா என் காதருகே குனிந்து, "அப்ப மதாமின்ரை பங்கு எங்கை?" என்றார். மதாம் திரும்பி நாலு குவியலையும் பார்த்தார். தன்னை மறந்துபோனது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். பரவாயில்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. உயிரோடிருக்கிற எல்லாருக்கும் எண்ணிப் பிரித்திருக்க, அந்த எண்ணிக்கையில் இந்த மனுசி தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

என் கணவர் எங்கள் குவியலைத் தள்ளிக்கொண்டு வந்து மதாமின் முன்னால் வைக்கப்போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். சொன்னது சொன்னதுதான். அந்தப் பங்கு அவருக்கேதான் என்று மதாமிடம் சொன்னேன். ஆனால் எங்களுக்குள் இறந்தவருக்குப் பங்கு வைத்தால் ஒரு கடமை இருக்கிறது. அவருக்குப் பிடித்த மாதிரிச் சமைத்துப் படைக்க வேண்டும். படைத்ததை அவருடைய வீட்டில் இருப்பவர் சாப்பிட வேண்டும். இருப்பவர் சாப்பிட்டால்தான் போனவருக்குப் போய்ச் சேரும். தொட்டியில் கொட்டினால் அவரைப் பட்டினி போட்டது மாதிரி. கடைசி இரண்டையும் எந்தப் பெரியவர் சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன்.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன்.  ஈரல், என்றார் மதாம். கடையில் வாங்கிச் சாப்பிடுவாராம். காட்டில் மட்டும் விட்டுவிட்டு வருவாராம்.

மத்தியானம் மிளகு தூக்கலாகப் போட்டு ஈரலைப் பிரட்டி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனேன். அவருடைய படத்துக்கு முன்னால் ஒரு தட்டும், ஒரு கிளாஸ் சிவப்பு வைனும் வைத்தோம். ஜன்னல் வெளிச்சம் வைனுக்குள் இறங்கி மேசையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டது. நாங்கள் இருவரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மதாம் கேட்டார். அவர் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்றேன்.

பிறகு அந்தத் தட்டையே எடுத்து மதாமின் கையில் கொடுத்தேன். அவர் அதிலிருந்ததை முழுவதும் சாப்பிட்டார். பாண் ரொட்டித் துண்டால் தட்டையும் துடைத்தார். சட்டியில் இன்னும் இருந்தது. ஒரு அகப்பை எடுத்துப் போட்டுவிட்டு, 'காணும்' என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றேன். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் ஒன்று போனது. கிளாஸ் இலேசாக அதிர்ந்து அடங்கியது. மதாம் தட்டை நீட்டியபடியே இருந்தார்.