படத்தின் பின்புறம் எழுதிய முகவரி

நான் கண்டதையும் சம்பந்தப்பட்டவர்கள் என்னிடம் நேரில் சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சினிமாத் தயாரிப்பாளர் ஒருவர் கைதான பிறகு, புகார் கொடுத்த பெண்களைப் பற்றி எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இல்லாததெல்லாம் பேசினார்கள். அந்தப் பேச்சோடு என் ஊகமும் சேரக்கூடாது.

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களும் அந்தத் தயாரிப்பாளருடைய படங்களின் சுவரொட்டிகளும் அங்கே அச்சாயின. அவர் வேலை என்றால் தீபாவளி சீசனிலும் மற்ற ஆர்டர்கள் ஒதுங்கி நிற்கும்.

லேபிளுக்கு உள்ளூர்ப் பெண்களையும் படமெடுப்பதுண்டு. முதலில் அச்சாகும் தாளை அவர்கள் வீட்டில் சேர்ப்பதற்காக, புகைப்படத்தின் பின்புறம் முகவரியை எழுதி வைப்பது எங்கள் வழக்கம். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, இருபத்திரண்டு வயது, மத்தாப்புப் பெட்டிக்குப் படம் கொடுத்திருந்தாள். "என் மூஞ்சியக் கிழிச்சுத்தான் பெட்டியத் திறப்பாகளா சார்?" என்று சிரித்தாள்.

சுவரொட்டியைச் சரிபார்க்க வந்த தயாரிப்பாளர் அந்தப் படத்தை என் மேசையிலிருந்து எடுத்தார். "யார் இந்தப் பொண்ணு?"

முதலாளி என்னிடம், "அட்ரச எழுதிக் குடுங்க. புள்ளைக்கு நல்ல காலம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுவரொட்டியைப் பார்க்காமலே ஒப்புதல் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம், நடிக்க வாய்ப்பு என்று சொல்லி அவளைக் காரில் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். இதை நான் பார்க்கவில்லை. பின்னாளில் அவள் தாய் சொன்னார். ஐந்தாம் நாள் அவள் அச்சகத்து வாசலில் நின்றாள்.

"சார், லேபிள்ல என் படம் வேண்டாம். எடுத்துருங்க."

"ஏம்மா, என்னாச்சு?"

"எங்க வீட்டு அட்ரச அவுகளுக்கு யார் சார் குடுத்தது?"

நான் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். உள்ளிருந்து முதலாளி, "லேபிளெல்லாம் லோடு போயிருச்சு தாயி" என்றார். அந்த மாதமே அவள் ஊரைவிட்டுப் போனாள்.

சில ஆண்டுகள் கழித்து, பல பெண்களின் பாலியல் புகார்களில் தயாரிப்பாளர் கைதாகித் தண்டனையும் பெற்றார். தீர்ப்புச் செய்தி வந்த காலையில் அவள் தாய் நாளிதழோடு என்னிடம் வந்தார்.

"எழுத்துப் பாக்குற ஆளு நீங்க. இதுல எம்மக இருக்காளான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

அப்பெண்களின் பெயர்களைச் சட்டப்படி அச்சிடுவதில்லை என்றேன். முகவரி கொடுத்தவன் நான்தான் என்பதையும் அன்று சொன்னேன். அவர் நாளிதழை மெல்ல மடித்தார்.

"இம்புட்டு வருசமாத் தெரிஞ்சா வச்சிருந்தீக?"

சென்னையில் அவளுக்கு என்ன நேர்ந்தது, புகார் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தியா, இன்று எங்கிருக்கிறாள் என்பவை எனக்குத் தெரியாது. அவள் தாய்க்கும் தெரியாது.