நான் வெட்டிய நான்கு டயர்கள்

பாப்பாமோட்டையைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது பின்பக்கத்து இடது டயர் வெடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் நேரம். நான் இலுப்பைக்கடவையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வீடு தோட்டவெளியில். போய்வர என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது. அன்று என்னோடு இரண்டு ஆசிரியைகள் வந்தார்கள். பின் சீற்றில் இருந்த கணித ஆசிரியைக்கு ஏழாம் மாதம்.

சத்தத்தைவிட அதற்குப் பிறகு வந்ததுதான் பயங்கரம். காரின் பின்பகுதி என் சொல் கேட்காமல் ஒரு பக்கமாக இழுபட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறேக்கைத் தொடாமல், காலை மட்டும் எடுத்தேன். நாற்பத்தொரு வயதில் கார் பழகியபோது எனக்குச் சொல்லித் தந்தவற்றில் அது ஒன்றுதான் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. கார் தார் றோட்டை விட்டிறங்கி, உவர் மண்ணில் புதைந்து, ஒரு முள்ளுப் பற்றைக்குப் பக்கத்தில் நின்றது. எதிரே ஒரு லொறி வந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஒருவருக்கும் காயமில்லை. கணித ஆசிரியை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"அசையுதா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, அசையுது."

அதன் பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

விடத்தல்தீவுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். டயர் ஒட்டும் கடை வைத்திருப்பவராம். சில்லைக் கழற்றி, காரில் கிடந்த மாற்றுச் சில்லைப் பூட்டித் தந்துவிட்டு, கிழிந்த டயரை உருட்டி எனக்கு முன்னால் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார் வாங்கியபோதே இருந்த டயர் அது, பெயர் பெற்ற ஜப்பான் தயாரிப்பு. வரிகள் ஒரு விரல் நகம் புதையும் ஆழத்துக்கு இருந்தன.

"இதில நாலு இலக்கம் இருக்கு, பாருங்கோ ரீச்சர். முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம். உங்கட டயருக்குப் பதினொரு வயசு."

"வரி தேயவே இல்லையே?"

"வரி அப்பிடியே இருக்கும். ரப்பர் செத்துப் போகும். இந்த வெயிலும் உப்புக் காத்தும் சும்மா விடுமே?"

ரப்பர் ஏன் காய்ந்து வெடிக்கிறது என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள் நான். என் காருக்குக் கீழே ஒரு தடவையும் குனிந்து பார்த்ததில்லை. அந்த வெட்கம் வீடு வரும்வரை என்னோடு வந்தது.

என் கணவர் கடற்றொழிலாளி. படகு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்; காரைப் பற்றி எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் வாகன விசயமென்றால் அவருடைய தம்பிதான். வாடகைக்கு வேன் ஓடுகிறவர். எனக்குக் கார் பார்த்து வாங்கித் தந்ததும் அவரே. நடந்ததைக் கேள்விப்பட்டு, அந்தச் சனிக்கிழமையே நான்கு டயர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரோ ஓடிப் பாவித்த டயர்கள். கழுவி, கறுப்பு மெழுகு பூசி, பளபளவென்று இருந்தன. பெயர் மட்டும் பெரிய பெயர்.

நான் உள்ளே போய், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி ஒன்றை எடுத்து வந்து அந்த இலக்கங்களின் மேல் தேய்த்தேன். மூன்று டயர்கள் என் மகள் முதலாம் வகுப்புக்குப் போன வருடம் செய்யப்பட்டவை. அவள் இந்த வருடம் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். நான்காவது டயர் அதையும்விட ஒரு வயது மூப்பு.

"இது வேண்டாம் தம்பி," என்றேன்.

"அண்ணி, சீனாக்காரன்ர புதுசைவிட ஜப்பான்காரன்ர பழசு திறம். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"அப்ப அண்டைக்கு வெடிச்சது எந்த நாட்டு டயர்?"

"அது றோட்டில கல்லு கில்லு குத்தியிருக்கும். நான் இருவது வருசமா வாகனம் ஓடுறன். வெண்கட்டியால டயர் பாக்கிற ஆளை இப்பத்தான் காணுறன்."

கணவர் இடையில் புகுந்தார். "அவன் உனக்காகத்தானே அலைஞ்சு கொண்டு வந்தவன். இப்ப பூட்டுவம். பிறகு பாப்பம்."

"பிறகு எண்டா எப்ப? இன்னொருக்கா வெடிச்ச பிறகோ?"

மைத்துனர் டயர்களைத் திரும்ப வேனில் ஏற்றத் தொடங்கினார். திருப்பிக் கொடுப்பதென்று முடிவாகி, அவருடைய வேனில் நானும் ஏறிக் கடைக்குப் போனேன்.

கடை மன்னார் நகரத்தில். முதலாளியை எல்லோரும், அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அமைதியான மனிதர். கதிரை போட்டு என்னை இருக்கச் சொன்னார். திருப்பி எடுப்பதற்கும் சம்மதித்தார். நான் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் ஒன்று கேட்டுவிட்டேன்.

"இதைத் திருப்பி எடுத்து என்ன செய்வீங்கள் நானா?"

"விப்பன் ரீச்சர். உங்களுக்கு வேணாமெண்டா இன்னொருத்தர் வாங்குவார். போன கிழமையும் பிள்ளைகளை ஏத்துற வேன்காரர் ஒருத்தர் இதே அளவு கேட்டுட்டுப் போனார்."

"எத்தினை வருசத்து டயர் எண்டு அவருக்குச் சொல்லுவீங்களோ?"

"கேட்டாச் சொல்லுவன். பொய் சொல்ல மாட்டன். ஆனா யாரும் கேக்கிறதில்லையே."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. எழுந்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். மைத்துனர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் டயருக்குக் கொடுத்த காசை அங்கேயே, கடைவாசலில் வைத்து, அவர் கையில் கொடுத்தேன். இனி அவை என்னுடையவை.

அடுத்ததாகப் புது டயர் பார்த்தேன். பெயர் பெற்ற புது டயர் என் கைக்கு எட்டாது. பெயர் தெரியாத மலிவுப் புது டயர்களில் இரண்டு வகை இருந்தன. பக்கவாட்டில் சின்ன எழுத்துகள் இருக்கும், நனைந்த தரையில் எப்படிப் பிடிக்கும், சூட்டை எப்படித் தாங்கும் என்று. வரும் முன்பே வாசித்து வைத்திருந்தேன். மிக மலிவானதில் சூட்டுக்குரிய எழுத்து கடைசித் தரம். மற்றதில் அதற்கு ஒரு படி மேல். பங்குனி வெயிலில் மன்னார்ப் பாலத்துத் தார் எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு படி மேலானதை எடுத்தேன். போன வருடம் செய்தவை, நான்கும். முன்னுக்கு மட்டும் இரண்டு போடலாம் என்று நானா சொன்னார். அன்று வெடித்தது பின் டயர் என்று சொன்னேன்.

மைத்துனர் வாசலில் நின்றபடி, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "மழை வரட்டும், தெரியும்."

அன்று பின்னேரம் முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து அந்தப் பழைய டயர்களை வெட்டினேன். கணவரின் மீன் வெட்டும் கத்தி, ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீர். தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டினால் கத்தி ரப்பரில் இறுகாது. பக்கச் சுவரைத்தான் வெட்ட வேண்டும். அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு விழுந்தால் எந்தக் கடையாலும் ஒட்ட முடியாது. ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டு. முதலாவது டயர் முடிவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்து, "என்ன ரீச்சர், ஆரோடையும் கோவமோ?" என்றாள். "ஓம்," என்றேன்.

கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வித்தாலும் அரைவாசிக் காசு வந்திருக்கும்," என்றார்.

"வாங்குறவன் ஆற்றையோ பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போவான்."

அவர் உள்ளே போய் சாணைக்கல்லை எடுத்து வந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கதை ஊரில் பரவியது. கொழுந்தன் கொண்டுவந்து கொடுத்த டயரைக் கிழித்தவள் என்று பெயர். கோயில் வாசலில் மைத்துனரின் மனைவி என்னைக் கண்டும் காணாமல் போனாள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மன்னிப்புக் கேட்கும்படி கணவர் இரண்டு தரம் சொல்லியும் நான் கேட்கவில்லை. மைத்துனர் மனம் நொந்ததற்காக வருந்தினேன். வெட்டியதற்காக அல்ல.

மழையும் வந்தது. கார்த்திகையில் ஒரு காலை, மன்னார்ப் பாலத்துக்கு இறங்குமுன், தூறலுக்குள் மூன்று கழுதைகள் றோட்டின் குறுக்கே நின்றன. பிறேக் அடித்தேன். கார் நின்றது. ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய், முன்னால் நின்ற கழுதைக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. கழுதை அசையவுமில்லை.

இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மலிவு டயர் மலிவு டயர்தான். ஈரத்தில் அதன் பிடி குறைவு, ஓடும்போது இரைச்சல் கூட, கெதியில் தேய்ந்தும் போகும். அது தெரிந்துதான் வாங்கினேன். எவ்வளவு என்று அன்று தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து கால் மணித்தியாலம் முந்திப் புறப்பட்டேன். மழையில் யார் முந்தினாலும் வேகம் கூட்டுவதில்லை. என்னோடு வந்த மற்ற ஆசிரியை சலித்துக்கொண்டாள்.

"இந்த வேகத்தில போனா நாங்கள் பஸ்ஸிலயே போகலாம் அக்கா."

"ஓம், பஸ்ஸில வாங்கோ. நான் இப்பிடித்தான் ஓடுவன்."

அவள் உண்மையிலேயே பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். கணித ஆசிரியை பிரசவ லீவில் இருந்தாள். கொஞ்சக் காலம் நான் தனியாகத்தான் போய்வந்தேன்.

ஆறேழு மாதத்துக்குப் பிறகு ஆணி குத்திக் காற்றுப் போய் நானாவின் கடைக்குப் போனேன். பாவித்த டயர்களின் மேல் வெள்ளை மையால் வருடம் எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் இல்லை, பாதியில்.

"உங்கட கதையைக் கேட்டுட்டு ரெண்டு மூணு பேர் வந்து வருசம் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு பாத்துச் சொல்ல ஏலாது," என்றார்.

"வியாபாரம் குறைஞ்சிட்டுதோ?"

"இல்ல ரீச்சர். வருசத்தைப் பாத்துட்டும் வாங்குறாங்க. புதுசுக்கு வழியில்லை."

மலிவானதையாவது புதிதாக வாங்க எனக்கு ஒரு சம்பளம் இருக்கிறது. இல்லாதவன் பத்து வயது டயரில் பிள்ளைகளை ஏற்றுகிறான். அந்த வெள்ளை இலக்கங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் அவன் மேல் அல்ல. யார் மேல் என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. அதற்காகக் கோபத்தை விட்டுவிடவும் நான் தயாரில்லை.

அந்த வருடம் யேசு பிறந்த நத்தாருக்கு மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எங்கள் மேசையில் சாப்பாடு. நண்டுக் கறியை நான்தான் பரிமாறினேன். பாதிச் சாப்பாட்டில் தலை நிமிராமலே கேட்டார்.

"அண்ணி, இன்னும் கோவமே?"

"கோவமில்லை தம்பி. ஆனா திரும்பவும் அப்பிடிக் கொண்டு வந்தா திரும்பவும் வெட்டுவன்."

அவர் ஒரு நண்டுக் காலை உடைத்து, சதையை மெதுவாக உறிஞ்சி, வெறும் கோதைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ."

விட்டேன்.