கதவு திறந்தால் வழி மறக்கும் சிப்பு

போர்டு அக்காவை எங்கள் தெருவில் தெரியாத ஆளே கிடையாது. மிக்சி, லிஃப்ட், எதுவானாலும் போர்டைக் கழற்றிவிடுவாள். விட்டால் நிலாவையும் இறக்கி உள்ளே என்ன சிப்பு என்று பார்ப்பாள். தன் தம்பியின் கோழிக்குஞ்சுப் பண்ணைக்கு முட்டை பொரிக்கும் பெட்டியை அவள்தான் கட்டிக்கொடுத்தாள். சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைப்பது அதிலிருந்த சிப்பின் வேலை.

ஒரு மதியம் தம்பி போன் செய்தான். மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள். ஹீட்டர் அணையவே மாட்டேன் என்கிறதாம். முட்டை வெந்தால் அவன் பிழைப்பும் வெந்த மாதிரிதான்.

நானும் போனேன், டார்ச் பிடிக்க. அக்கா மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். சூடு இறங்கி நின்றது. சந்தேகத்துக்குச் சூடு அளக்கும் சென்சாரையும் மாற்றினாள். கொஞ்ச நேரம்தான், மறுபடி ஏறியது. தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறப்பான், ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்பான், மூடுவான். திறக்கும்போதெல்லாம் பெட்டி மணி அடித்தது.

அக்கா அந்த மணியையே பார்த்தாள்.

"காலையிலேருந்து எத்தன தடவடா தொறந்த?"

"யாருக்குக்கா ஞாபகம். பயமா இருந்துச்சு, தொறந்தேன்."

"நீ கோழியாப் பொறந்திருந்தா ஒரு குஞ்சும் பொரிஞ்சிருக்காது. எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்துட்டே இருந்திருப்ப."

சொல்லும்போதே அவள் முகம் மாறியது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்ணைச் சிப்பு எப்போதும் கையில் வைத்திருக்குமாம். ஒரு கட்டளையை எடுத்ததும் எண் தானாக அடுத்ததற்கு நகரும். கதவு திறந்தால் மட்டும், விட்ட இடத்தின் எண்ணை ஓர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு மணி அடிக்கத் தாவும். முடிந்ததும் 'திரும்பு' என்று கட்டளை இருந்தால், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு விட்ட இடத்துக்கே வந்துவிடும்.

அக்கா அங்கே 'திரும்பு' என்று எழுதாமல், 'சூடு பார்க்கும் இடத்துக்குப் போ' என்று எழுதிவிட்டாள். எப்படியும் அங்கேதானே வரப்போகிறது என்ற நினைப்பு. பெட்டி ஓடியது, ஆனால் கதவு திறந்த ஒவ்வொரு முறையும் ஓர் எண் எடுக்க ஆளில்லாமல் அடுக்கிலேயே தங்கியது. அடுக்கு வளர்ந்து, எவ்வளவு சூடு வேண்டும் என்று குறித்து வைத்த இடத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு எவ்வளவு சூடும் சிப்புக்குப் போதவில்லை. மெயினை அணைத்தால் எல்லாம் கலைந்து சரியாகும். தம்பி திறக்கத் திறக்க மறுபடி குவியும்.

"தப்பு என்னோடதுடா," என்றாள்.

சிப்பைக் கழற்றி, லேப்டாப்பில் மாட்டி, அந்த ஒரு வரியை மாற்றினாள். அதுவரை தம்பி சுவிட்சில் கையும் தெர்மாமீட்டரில் கண்ணுமாக ஹீட்டரைப் போட்டு அணைத்தான். நான் விட்ட மூச்சுக்கு இன்னொரு பெட்டி முட்டை பொரிந்திருக்கும்.

சிப்பு உள்ளே போனது. சூடு ஒரே அளவில் நின்றது. ஆனால் சரியாகிவிட்டதா என்று தெரிய கதவைத் திறந்து திறந்து மூட வேண்டும். இப்போது தம்பி கைப்பிடியைத் தொடவே மாட்டேன் என்றான்.

"வேணாம்க்கா. இப்ப நல்லாத்தான ஓடுது."

"முன்னாடியும் இப்படித்தான் ஓடுச்சு. தொற."

திறந்தான். மணி. மூடினான். கை சலிக்கும்வரை அதையே செய்தான். சூடு அசையவில்லை.

மறுநாள் எல்லாம் பொரியவில்லை. ஹீட்டர் பக்கத்துத் தட்டு அப்படியே கிடந்தது. மற்ற தட்டுகளில் ஓடு உடைந்து ஒரே கூச்சல். அக்கா அசையாத முட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். தம்பி ஈரம் காயாத ஒரு குஞ்சை அவள் மடியில் விட்டான்.

"அடுத்த வாரமும் முட்ட வருதுக்கா. நீதான் வந்து பெட்டிய ஓட்டி விடணும்."