மக்டாவைப் பற்றி நாலு நல்ல வரி

தன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதத் தெரியாத பிள்ளைகளை உட்காரவைத்து எழுதவைப்பதுதான் என் தொழில். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் உள்ள இளைஞர் நிலையம் ஒன்றில், வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கான உதவி மேசையில் இருக்கிறேன். ‘உங்களை ஏன் எடுக்க வேண்டும்?’ என்ற கேள்வியின் முன்னால் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்களும் எங்கள் ஆள்தான்.

போன வருடம் என்னை அதிகம் யோசிக்கவைத்தவள் மக்டா. சிறுவயதில் போலந்திலிருந்து வந்து இங்கே பள்ளி முடிக்கப்போகிறவள். இங்கிலாந்தில் பெயர்பெற்ற ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்க வேண்டும், வேறெங்கும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மனில் பேசியவர்களுக்கும் இங்கே என் வீட்டு யாழ்ப்பாணத் தமிழையே கொடுத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவர் வெடிப்பு

மக்டாவின் முதல் வரைவில், தனக்கு நிலவியலில் ஆர்வம் உண்டு என்று ஒரு வரி. ஒழுங்காகப் பள்ளிக்குப் போவதாக இன்னொரு வரி. அவ்வளவுதான். அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தோளைக் குலுக்கினாள். எனக்கு லேசாக எரிச்சல் வந்தது. பேச்சை மாற்றி வீட்டைப் பற்றி விசாரித்தேன்.

வீட்டுச் சுவரில் வெடிப்பாம். எங்கள் ஊருக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள். நிலம் மெல்ல மெல்ல இறங்கும். நாங்களென்றால் சாந்தை அப்பிவிட்டு மறந்துவிடுவோம். மக்டா அந்த வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சின்ன வயதிலிருந்தே பார்த்துவருகிறாள். அம்மா ஏசி ஏசி அழிப்பாராம், இவள் திரும்பப் போடுவாளாம். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“அது எங்கடை வீட்டுச் சுவர்தானே? அதை ஏன் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேணும்?”

புகழ்ச்சி

பள்ளி ஆசிரியர் ஒருவரும் பிள்ளையைப் பற்றி எழுதித் தர வேண்டும். மக்டாவின் ஆசிரியர் எழுதியது இவ்வளவுதான்: மாணவி நேரத்துக்கு வருவார், கொடுத்த வேலையைச் செய்வார், குறிப்பிடும்படி முறைப்பாடு எதுவும் இல்லை. இதைப் படிக்கும் இங்கிலாந்துக்காரர் இவளைப் பொலிஸ் ஏதோ விசாரித்து விட்டிருக்கிறது என்றல்லவா நினைப்பார்?

ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். கொஞ்சம் புகழ்ந்து எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மனுஷன் உண்மையிலேயே குழம்பிப்போனார். தான் இவ்வளவு காலமும் எழுதியவற்றில் இதுதான் ஆகச் சிறந்தது என்றார். எப்படியோ, சுவர்க் கதையையாவது சேர்க்கச் சம்மதித்தார். ஆனால் போனை வைக்கும்போது அவருக்கு மனத்தாங்கல்தான்.

“குறையெண்டு ஒண்டுமே எழுதேல்லை. இதைவிட ஒரு பிள்ளையை எப்பிடிப் புகழுறது?”

நன்றி சொல்லாதவள்

விண்ணப்பத்தை அனுப்பிய அன்று, எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்று வாழ்த்தினேன். மக்டா பேசாமல் ஜாக்கெட்டை மாட்டினாள். பக்கத்து மேசை யென்ஸும் வாழ்த்தினார். அவருக்கும் நன்றி இல்லை. கதவு திறந்துவிட்டவருக்கெல்லாம் நன்றி சொல்லும் நாட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்குக் கொஞ்சம் சுட்டது. கேட்டே விட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“பரீட்சை மாதிரி விசயங்களுக்கு வாழ்த்தினால் எங்கடை போலந்து ஆக்கள் நன்றி சொல்லமாட்டினம். சொன்னால் நடக்கிறதும் நடக்காமல் போயிடும்.”

சும்மா வந்தவர்கள்

அதற்குப் பிறகு, நடக்கப்போவதை வாய்விடப் பயப்படும் இந்த விசயத்தில் எனக்கு ஒரு கண். ஒரு நாள் மக்டாவின் அம்மா மேசைக்கு முன்னால் காத்திருந்தார். பக்கத்துக் கதிரையில் எங்கள் தமிழ் ஆள், காந்தன் அண்ணை. மகனை ஒல்லாந்துக்குப் படிக்க அனுப்பும் யோசனை அவருக்கு. அதை எங்கள் ஆட்கள் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாதென்று என்னிடம் கேட்டுக்கொண்டவர். கண்ணூறு பட்டுவிடுமாம்.

இரண்டு பேரும் பேச்சுக்கொடுத்தார்கள். என்ன அலுவலாக வந்தீர்கள் என்று அண்ணை கேட்க, ஒரு தாள் அச்செடுக்க வந்ததாக அந்த அம்மா சொன்னார். அண்ணை தானும் அப்படித்தான் என்றார். எங்களிடம் அச்சு இயந்திரமே இல்லை. அந்த அம்மா உள்ளே போனதும் அண்ணை என் பக்கம் குனிந்தார்.

“அந்த மனுசி என்னமோ மறைக்குது, தங்கச்சி. பிள்ளைக்குப் பெரிய இடமாத்தான் பாக்கினம் போல.”

தலைகீழ்ப் பாறை

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கணினி வழியாகத்தான், எங்கள் பின்னறையில் ஒழுங்கு செய்தோம். முதலில் யென்ஸ் பேராசிரியராக நடித்து ஒத்திகை பார்த்தோம். தெரியாத கேள்வி வந்ததும் மக்டா வாயை மூடிக்கொண்டாள். தெரியாததைப் பேசாதே என்று பள்ளியில் பழகிய பிள்ளை. அவர்களுக்கு விடை தேவையில்லை, நீ யோசிப்பது காதில் கேட்க வேண்டும் என்று யென்ஸ் தொண்டை வறளச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை.

உண்மையான நேர்முகத்தில் ஒரு மலையின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அடியில் இருக்க வேண்டிய பழைய பாறை மேலே, புதியது அடியில். எப்படி? மக்டா பேசினாளாம். பக்கவாட்டில் நெருக்கியதால் மடிந்து கவிழ்ந்திருக்கலாம் என்றாளாம். பிறகு தானே அதை மறுத்தாளாம். அறையை விட்டு வெளியே வந்தவளிடம் எப்படிப் போனது என்று கேட்டேன். சரியான கோபத்தில் இருந்தாள்.

“நேரம் முடிஞ்சுதெண்டு பாதியிலை நிப்பாட்டிப்போட்டினம். விடையைச் சொல்லவே இல்லை.”

முடிவு

இடம் கிடைக்கவில்லை. நல்ல மரியாதையான மின்னஞ்சல். திறமையானவர்கள் பலர் விண்ணப்பித்தார்களாம், வருந்துகிறார்களாம். மக்டா எங்கள் மேசையில் வைத்துத்தான் திறந்தாள். ஒரு தரம் படித்தாள், இன்னொரு தரம் படித்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்தது. யென்ஸ் தேநீர் போடப் போனார். ஆறுதல் சொல்வதும் என் தொழிலில் சேர்த்திதான். பக்கத்து நகரமான போஹுமிலும் நிலவியல் இருக்கிறது, ரயிலில் போய் வரலாம் என்று கடைசியில் முனகினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“இடம் தராட்டில் விடுங்கோ. அந்தப் பாறை ஏன் கவிண்டு கிடக்குதெண்டு கேட்டு அந்தப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுத உதவி செய்வீங்களோ?”

இந்தத் தொழிலில் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியிருக்க வேண்டிய வரி, விண்ணப்பம் போய், முடிவும் வந்து, எல்லாம் தீர்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது.