எட்டு கேரம் போர்டுகள்

விளையாட்டுச் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை என்றால் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வந்துவிடும். என் அக்கா புருஷன் வாசலிலேயே ஆரம்பிப்பார்: "இன்னா மச்சான், இன்னிக்கு எத்தினி கேம்? குந்திக்கினு ஆடறதுக்குக் கூலி குடுக்கறானே, அந்த மொதலாளிய ஒருதபா பாக்கணும்!"

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். எழுபதுகளின் தொடக்கத்தில், சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டுக் கொட்டகையில் நடந்த கேரம் போர்டு கம்பெனியில் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும். எதிர்ச் சட்டத்தில் மோதி மோதி மூன்று தடவையாவது போய்வந்தால், பின்பக்கம் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் இல்லாத போர்டு வாசலைத் தாண்டாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். நிழலில் வேலை. கூடப் படித்தவர்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். கெட்டது என்னவென்றால், ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. காய் வைக்கவே கூடாது. நடுவிரல் நகம் பிளந்து கறுத்துவிட்டது. தெருவில் யாராவது கேரம் ஆடும் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும். எல்லாவற்றுக்கும் மேலே பயம். நான் வட்டம் போட்டது எங்காவது கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே. வீட்டுக்குப் பாதி வழி நடந்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி சுண்டிப் பார்த்த நாட்கள் உண்டு.

போர்டு செய்கிற தச்சர் படப்பையிலிருந்து சைக்கிளில் வருவார். "ஏம்பா பேஜார் பண்ற? நான் செஞ்சதுபா அது. ஓடும், வூட்டுக்குப் போ" என்பார்.

மூன்று வருஷமாக எனக்குத் தினக்கூலிதான். வேலை நிரந்தரமானால் பெண் கொடுக்கிறோம் என்று செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த ஐப்பசியில் ஒரு பள்ளிக்கூடப் போட்டிக்கு எட்டு போர்டு கேட்டு ஆர்டர் வந்தது. "இது நல்லபடியா போய்ச் சேரட்டும்பா, உன்ன பர்மனன்ட் பண்ணிடறேன்" என்றார் முதலாளி.

ஐந்து நாள் விடாத மழை. எட்டு போர்டிலும் ஸ்ட்ரைக்கர் ஒரு தடவை போய்வந்து நின்றுவிட்டது.

"ஈரம்பா" என்றார் தச்சர். "உள்ளயே நிக்க வையி, நாலு நாள்ல சரியாப்பூடும். வெயில்ல மட்டும் வெக்காத."

நாலு நாளுக்கு எங்கே போவது? திங்கட்கிழமை காலை வண்டி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. சாவி என்னிடம் இருந்தது. எட்டையும் தூக்கிக் கொண்டுபோய்ப் புல்தரையில் பரப்பினேன். சாயங்காலம் சுண்டிப் பார்த்தால் நாலு தடவை போய்வந்தது. சந்தோஷத்தில் மளமளவென்று எட்டு வட்டம் போட்டேன்.

அடுத்த வாரமே எட்டும் திரும்பி வந்தன. மேலே வெயில், கீழே ஈரப் புல். பலகை நடுவில் குழிந்துவிட்டது. எங்கே அடித்தாலும் காய்கள் நடுவுக்கே வழுக்கி வந்தனவாம். பிள்ளைகள் சிரித்தார்களாம்.

மறுநாள் முதலாளி பலகையில் ஸ்கேலை வைத்தார். அடியில் வெளிச்சம் தெரிந்தது. "ஈர மரத்தப் போட்டு ஏமாத்திட்டியேப்பா" என்று தச்சரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வட்டம் போடறப்ப நல்லாத்தானே இருந்துது?"

"நல்லா ஓடிச்சு சார்" என்றேன்.

அது பொய் இல்லை. தச்சர் ஒரு போர்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இழைப்புளியைப் பையில் போட்டு, சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். குற்றம் மரத்தின் மேல் போனதால் முதலாளி எனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; அடுத்த மாதம் நான் பர்மனன்ட். தை பிறந்ததும் கல்யாணம்.

இரண்டு வருஷம் கழித்து, தாம்பரம் மார்க்கெட்டில் என் மனைவியோடு நடந்து வரும்போது அவரே சைக்கிளை நிறுத்தினார். மனைவி நாலு கடை தள்ளிக் கீரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வெச்சது நீதானே?" என்றார். கோபமே இல்லை. "ஒன் வட்டத்துக்குள்ளயே புல்லு ஒட்டிக்கினு இருந்துச்சிபா."

"அன்னிக்கு ஏண்ணா சொல்லல?"

"எனுக்கு எங்க போனாலும் மரம் கீது. ஒனக்கு இன்னா தெரியும், சுண்டறதத் தவிர?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்தபடி மிதித்துப் போய்விட்டார். யார் அது என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள்.

"எங்க கம்பெனில இருந்தவர்" என்றேன். "ஈர மரம் போட்டார்னு அனுப்பிட்டாங்க."