மூன்று வாய் வண்டியும் ஆறு மாதத் தவிப்பும்

எண்ணெய் விற்கிறவனுக்கு விற்ற பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது; போன வண்டி ஓடுகிறதா, கயிறு கட்டி இழுத்து வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை அது. கடைகளில் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து, மட்டாஞ்சேரியில் சாக்கோ முதலாளியின் மோட்டார் எண்ணெய்க் கடையில் சேர்ந்தேன். அந்தக் கால மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் குடிக்க மூன்று வாய். இன்ஜினுக்கு நாற்பதாம் நம்பர். கிளட்ச் இருக்கும் செயின் பெட்டிக்கு இளகலான இருபது. கியர் பாக்ஸுக்குக் கெட்டியான ஐம்பது. எனக்கு முன்னால் இருந்தவர் மூன்றுக்கும் ஒரே எண்ணெயைக் கொடுத்து வேலையைத் தொலைத்திருந்தார். என் கல்யாணமோ பாலக்காட்டில் தொங்கிக்கொண்டிருந்தது; "வேலை ஸ்திரமா?" என்று பெண் வீட்டிலிருந்து வாரம் ஒரு கார்டு வரும். முதலாளியிடம் கேட்டேன். "ஆறு மாசம் நோக்கட்டே. எண்ணெய் தப்பி ஒரு வண்டி கேடாயி வந்தா, அன்னைக்கே சாமிக்குப் பாலக்காட்டு வண்டி" என்றார். பாலக்காட்டு ஐயர் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் சாமி.

மூணாறின் குற்றம்

கொப்பரை மில் வைத்திருந்த மம்மதிக்கா வாராவாரம் மூணாறுக்கு மோட்டார் சைக்கிளில் போவார். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் எண்ணெய் வாங்கினார். செயின் பெட்டிக்கு வேண்டாமாம். "நம்ம மில்லு வெளிச்செண்ணெ இருக்குல்லோ!" என்றார். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும் என்று மன்றாடினேன். அவர் வீட்டில் தலைக்கும் குழம்புக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மூணாறு பக்கம் போய்வந்த லாரிக்காரர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தேன். கடைசியில் அவரே வந்தார். விடிகாலையில் செயின் பெட்டிக்குள் எண்ணெய் வெண்ணெயாக உறைந்து, கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவாம். சாயாக் கடையிலிருந்து கெட்டில் கெட்டிலாக வெந்நீர் வாங்கிப் பெட்டியின் மேல் ஊற்றித்தான் வண்டியை எழுப்பியிருக்கிறார். இப்போதாவது இருபதாம் நம்பர் வாங்குவார் என்று டப்பாவை எடுத்து வைத்தேன். அதை அப்படியே நகர்த்திவிட்டுச் சொன்னார்: "வண்டிக்கு ஒரு கொழப்பவும் இல்லா சாமீ. மூணாறுக்காணு கொழப்பம், அங்கே குளிரு கூடுதல்."

பிளாஸ்திரி வைத்தியம்

பள்ளுருத்தியில் ஆறுமுகம் என்று ஒரு கம்பவுண்டர். நம் தமிழ் ஆள். செயின் பெட்டிக்கு இருபதாம் நம்பர் வாங்கினார். செயின் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த ஓட்டை வழியாக எண்ணெய் வழிய ஆரம்பித்தால் அளவு சரி, நிறுத்திவிடலாம். இதை இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினேன்.

எண்ணெய் வழிந்ததும் மனிதர் பதறிப்போயிருக்கிறார். கைப்பழக்கத்தில் ஓட்டைக்குப் பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, டப்பா முழுவதையும் ஊற்றிவிட்டார். மறுநாள் மட்டாஞ்சேரிப் பாலத்தில் கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. இரண்டு சுமைக்காரர்கள் தள்ளிக்கொண்டு கடை வாசலில் விட்டார்கள். உள்ளே முதலாளி இருந்தார். ஓடிப்போய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். கூடுதல் எண்ணெய் தானாக வழிந்தது, வண்டி பிழைத்தது. கம்பவுண்டர் என் காதருகே வந்து கெஞ்சினார்: "டோஸ் கூடிப்போச்சுன்னு சொல்லுங்க சாமி, தப்பா ஊத்திட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

படகில் பரீட்சை

ஆறாம் மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. எர்ணாகுளத்துக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், எங்கள் ஊர்க்காரர், மூன்று டப்பா வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். அலமாரியைத் திரும்பிப் பார்த்தால், லாரியின் பின் அச்சுக்கு ஊற்றும் கியர் எண்ணெயில் ஒரு டப்பா குறைகிறது. மோட்டார் சைக்கிள் கியர் பாக்ஸில் தண்டுகள் சுழல வெண்கல வளையங்கள் உண்டு, புஷ் என்போம். அந்த எண்ணெய் அவற்றை அரித்துவிடும். ஐம்பதுக்குப் பதில் அதைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். மிளகு மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே புகுந்து, கயிற்றை அவிழ்த்துவிட்ட படகில் குதித்தேன். மூச்சு வாங்க அவர் பையைப் பிடுங்கித் திறந்தால் நாற்பது, இருபது, ஐம்பது. மூன்றும் சரி! படகே என்னைப் பார்த்தது. அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "எழுதின பேப்பரை எங்க பசங்ககூட இப்படித் திரும்பப் பிடுங்கினதில்லை, ஓய்!"

காணாமல் போன டப்பா

அடுத்த படகில் திரும்பினேன். கடை வாசலில் முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். திட்டி முடிக்கட்டும் என்று தலைகுனிந்தபோது, அவர் கையிலிருந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அந்த லாரி எண்ணெயின் நாற்றமேதான். "கியர் பாக்ஸல்லே, அதுகொண்டு கியர் எண்ணெய் ஒழிச்சு" என்று பெருமையாகத் தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். காலையில் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறார்.

சொன்னால் அவர் முகம் வாடும். சொல்லாவிட்டால் புஷ் போகும். போனால் பழி என் தலையில்தான். சொல்லிவிட்டேன். அவர் கடைக் கதவைச் சாத்தினார். இருவருமாக எண்ணெயை வடித்து, கழுவி, ஐம்பது ஊற்றினோம். ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது வெளியே தெரிஞ்சா பஜாரில் எனக்குத் தல நிமிர்த்தி நடக்கான் முடியில்லா. சாமியை அனுப்பினா சாமி எல்லாரோடும் சொல்லும். அதுகொண்டு, இன்னைக்கு முதல் சாமிக்கு ஜோலி ஸ்திரம்."

எண்ணெய்க்கடை முதலாளிக்கு எண்ணெய் தெரியாது என்பதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே தகுதியில் எனக்கு வேலை நிரந்தரமாகி, கல்யாணமும் ஆகி, மேற்கொண்டு இருபது வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.